உமிச் சாம்பலும் சிமெண்டும்

நெல் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் அரிசி ஆலைகளின் சுற்றுப்புறத்தில் ஒரு முரண்பாட்டைக் காணலாம். ஆலையின் முன்புறச் சாலை வழியே, பல நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து சிமெண்டு மூட்டைகளை ஏற்றிய லாரிகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆலையின் பின்புறத்தில், கொதிகலனிலிருந்து அள்ளிக் கொட்டிய உமிச் சாம்பல் மேடாகக் குவிந்து கிடக்கிறது. காற்று வீசும்போது அச்சாம்பல் அண்டை வீடுகளின் முற்றங்களில் படிகிறது. மழைக்காலத்தில் வாய்க்கால்களை அடைக்கிறது. விலை கொடுத்து வாங்கும் பொருளின் வேலையில் ஒரு பகுதியை, வீணாகக் கொட்டப்படும் பொருள் செய்ய வல்லது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தியாகும். அவ்வாறிருந்தும் அது பரவலான நடைமுறையாக ஏன் மாறவில்லை, எந்த நிலைமைகளில் மாற இயலும் என்பன ஆராயத்தக்க வினாக்கள்.

சிமெண்டின் தேவையும் அதன் சுமையும்

உலக நாடுகளில் சீனாவிற்கு அடுத்தபடியாக மிகுதியான சிமெண்டை உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24 ஆம் ஆண்டில் நம் நாட்டின் சிமெண்டு உற்பத்தி 40 கோடி டன்னைக் கடந்தது. வீடு, சாலை, பாலம், பாசனக் கால்வாய் ஆகிய அனைத்திற்கும் அடிப்படையான இப்பொருளின் தேவை இனிவரும் ஆண்டுகளிலும் பெருகவே செய்யும்.

சிமெண்டின் உயிர்ப்பகுதி கிளிங்கர் எனப்படும் இடைப்பொருள். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் கலந்து, சுழலும் உலையில் சுமார் 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் கிடைக்கிறது. அதனுடன் சிறிதளவு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சாதாரண போர்ட்லண்டு சிமெண்டு உருவாகிறது. இதில் எரிபொருட் செலவு மிகுதி என்பது ஒருபுறமிருக்க, மூலப்பொருளின் இயல்பிலேயே மற்றொரு சிக்கலும் உண்டு. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மட்டுமே எஞ்சுகிறது. மீதி 44 கிலோவும் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. நிலக்கரிக்குப் பதிலாக எந்த எரிபொருளைப் பயன்படுத்தினாலும் இந்த இழப்பைத் தவிர்க்க முடியாது. உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருவதன் காரணம் இதுவே. எனவே, ஒவ்வொரு மூட்டையிலும் கிளிங்கரின் அளவைக் குறைப்பது எரிபொருள், சுண்ணாம்புக்கல், சுற்றுச்சூழல் ஆகிய மூன்றையும் ஒருங்கே காக்கும் வழியாகும்.

சாம்பல் செயற்படும் விதம்

சிமெண்டுடன் நீர் சேரும்போது இரண்டு முக்கியப் பொருள்கள் தோன்றுகின்றன. ஒன்று, மணலையும் சல்லியையும் இறுகப் பிணைக்கும் கால்சியம் சிலிக்கேட் பசை. மற்றொன்று, கால்சியம் ஹைட்ராக்சைடு எனப்படும் நீர்த்த சுண்ணாம்பு. முன்னது கான்கிரீட்டிற்கு வலிமை தருகிறது. பின்னது வலிமைக்கு அதிகம் உதவுவதில்லை. நாளடைவில் நீரில் கரைந்து வெளியேறவும், உப்புகளின் தாக்குதலுக்கு இடம் கொடுக்கவும் கூடியது.

இந்தச் சுண்ணாம்புடன் வினைபுரியும் ஆற்றல், படிக உருவம் பெறாத நுண்ணிய சிலிக்காவிற்கு உண்டு. இரண்டும் சேர்ந்து மேலும் பிணைப்புப் பசையை உண்டாக்குகின்றன. கான்கிரீட்டில் உள்ள நுண்துளைகள் அடைபட்டு, நீரும் உப்பும் உட்புகுவது குறைகிறது. இத்தன்மையுடைய பொருள்களுக்குப் பொசோலானா என்பது பொதுப்பெயர். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள பொசுவோலி என்னும் ஊரின் எரிமலைச் சாம்பலிலிருந்து இப்பெயர் வந்தது. பண்டைய ரோமானியர் அச்சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து துறைமுகங்களையும் மண்டபங்களையும் எழுப்பினர்.

நம் நாட்டிலும் இந்த அறிவு புதியதன்று. சுட்ட செங்கல்லின் பொடியாகிய சுர்க்கியைச் சுண்ணாம்புடன் கலந்து கட்டும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நிலவியது. 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணை சுண்ணாம்பையும் சுர்க்கியையும் கொண்டு எழுந்ததே. பின்னர், நிலக்கரியை எரிக்கும் அனல் மின்நிலையங்களின் சாம்பலும் பொசோலானாவாகப் பயன்படுவது அறியப்பட்டது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹங்ரி ஹார்ஸ் அணையிலும், உத்தரப் பிரதேசத்தில் ரிஹந்து அணையிலும் சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக இச்சாம்பல் கலக்கப்பட்டது.

நிலக்கரிச் சாம்பல் தரும் பாடம்

கழிவு எவ்வாறு மூலப்பொருளாக மாறுகிறது என்பதற்கு நம் நாட்டின் நிலக்கரிச் சாம்பலே சிறந்த எடுத்துக்காட்டு. 1996-97 இல் அனல் மின்நிலையங்களில் சேர்ந்த சுமார் 6 கோடியே 89 இலட்சம் டன் சாம்பலில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படுத்தப்படவில்லை. 2021-22 இல் சேர்ந்த சுமார் 27 கோடி டன்னில் 95 விழுக்காட்டிற்கும் மேல் பயன்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளில் ஏற்பட்ட இம்மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று.

மூன்று நடவடிக்கைகள் இதற்குக் காரணமாயின. முதலாவது, சட்டம். 1999 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, மின்நிலையங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் இயங்கும் செங்கல் சூளைகள் சாம்பலைக் கலக்க வேண்டுமென விதித்தது. இந்த எல்லை 2003 இல் 100 கிலோமீட்டராகவும் 2016 இல் 300 கிலோமீட்டராகவும் விரிந்தது. 2021 டிசம்பர் 31 இல் வெளியான புதிய அறிவிக்கை, சாம்பல் முழுவதையும் பயன்படுத்தும் பொறுப்பை மின்நிலையங்கள்மீது சுமத்தியது. இரண்டாவது, தரம். ஐ.எஸ். 1489 என்னும் தர விதி, பொசோலானா சிமெண்டில் நிலக்கரிச் சாம்பலின் அளவை 15 முதல் 35 விழுக்காடு வரை அனுமதித்தது. மூன்றாவது, ஒரே இடத்தில் கிடைக்கும் பெரும் அளவு. ஒரு மின்நிலையத்தில் நாள்தோறும் ஒரே தன்மையுள்ள சாம்பல் ஆயிரக்கணக்கான டன் கிடைப்பதால், அதன் அருகிலேயே அரைவை ஆலை அமைப்பது சிமெண்டுத் தொழிலுக்கு ஆதாயமாக இருந்தது.

வேளாண் கழிவுச் சாம்பலுக்கு இம்மூன்றில் எது உண்டு, எது இல்லை என்று காண்பது பயனுள்ளது.

உமியின் கணக்கு

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதாவது, ஒரு டன் நெல் அரைக்கப்படும்போது 200 கிலோ உமியும், அதனை எரித்தால் 40 கிலோ சாம்பலும் கிடைக்கும். நன்கு எரிந்த சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்காவே. வேறெந்த வேளாண் கழிவிலும் இவ்வளவு சாம்பலும் இவ்வளவு சிலிக்காவும் ஒருங்கே கிடைப்பது அரிது.

2023-24 இல் நம் நாட்டின் அரிசி உற்பத்தி சுமார் 13 கோடியே 78 இலட்சம் டன். நெல்லாகக் கணக்கிட்டால் இது 20 கோடி டன்னுக்கு மேற்படும். இதன் உமி முழுவதையும் எரித்தாலும் கிடைக்கக்கூடிய சாம்பல் சுமார் 80 இலட்சம் டன். நாட்டின் சிமெண்டு உற்பத்தியோடு ஒப்பிட்டால் இது 2 விழுக்காடு மட்டுமே. ஆகவே, உமிச் சாம்பல் நாட்டின் சிமெண்டுத் தேவையைப் பெருமளவு குறைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பிற்கு இடமில்லை.

ஆனால், நாடு முழுவதற்குமான சராசரியை விட்டு ஓர் ஆலையின் அளவில் பார்த்தால் தோற்றம் மாறுகிறது. மணிக்கு 4 டன் நெல் அரைக்கும் ஆலை, நாளொன்றுக்கு 10 மணி நேரமாக ஆண்டில் 300 நாள்கள் இயங்குவதாகக் கொள்வோம். அது 12,000 டன் நெல்லை அரைக்கும். 2,400 டன் உமியையும் 480 டன் சாம்பலையும் தரும். சிமெண்டில் 15 விழுக்காட்டிற்குப் பதிலாக இச்சாம்பலைக் கலந்தால், 3,200 டன் கலவை, அதாவது 64,000 மூட்டை கிடைக்கும். மிச்சமாகும் சிமெண்டு 9,600 மூட்டை. ஒரு சிறு வீட்டிற்கு 150 மூட்டை தேவை எனக் கொண்டால், இக்கலவை 400 க்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போதும். பல ஆலைகள் அடுத்தடுத்து இயங்கும் மிரியாலகூடா, கர்னால், கோந்தியா போன்ற இடங்களில் இக்கணக்கு மேலும் பெருகும். நாட்டளவில் சிறு பின்னமாகத் தோன்றும் பொருள், வட்டார அளவில் ஒரு தொழிலுக்கு அடிப்படையாகலாம்.

உமியை உமியாகவே தொலைவிற்குக் கொண்டுசெல்வது ஆதாயமற்றது. ஒரு டன் உமி சுமார் 10 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்வதால், லாரி நிறைந்தாலும் எடை சேர்வதில்லை. ஆலையிலேயே எரித்து, அந்த வெப்பத்தை நெல் அவிக்கவும் உலர்த்தவும் பயன்படுத்தியபின், எஞ்சும் சாம்பலைக் கொண்டுசெல்வதே சிக்கனமான முறை.

எரிக்கும் முறையே முதன்மை

எல்லா உமிச் சாம்பலும் ஒரே தன்மையுடையதன்று. தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு குவியல்களில் ஒன்று சிறந்த பொசோலானாவாகவும் மற்றொன்று வெறும் நிரப்புப் பொருளாகவும் இருக்கக்கூடும். வேறுபாடு எரிந்த முறையில் உள்ளது.

ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு மிகாத வெப்பத்தில், போதிய காற்றுடன் எரிந்தால், சிலிக்கா படிகமாகாமல் சுண்ணாம்புடன் விரைந்து வினைபுரியும் நிலையில் நிற்கிறது. வெப்பம் மிகுந்து நெடுநேரம் நீடித்தால் சிலிக்கா படிகமாகி, வினையாற்றலை இழக்கிறது. அத்துடன், படிகச் சிலிக்காவின் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் ஏற்படும் அபாயமும் உண்டு. மாறாக, காற்றுக் குறைந்து அரைகுறையாக எரிந்தால் கரி எஞ்சிச் சாம்பல் கறுத்துவிடுகிறது. அக்கரி கலவையின் நீர்த்தேவையை மிகுவித்து வலிமையைக் குறைக்கிறது.

சாதாரண ஆலைக் கொதிகலன் வெப்பத்தைப் பெறுவதற்காக அமைந்தது. சாம்பலின் தரம் அதன் நோக்கத்தில் இல்லை. எனவே ஒரே ஆலையின் சாம்பலும் நாளுக்கு நாள் மாறுபடுகிறது. இதற்கான தீர்வுகள் தெரியாதவை அல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. கே. மேத்தா 1970களில், வெப்பத்தைக் கட்டுப்படுத்தி உமியை எரித்து, வினைத்திறன் மிக்க சாம்பலைப் பெறும் முறையை உருவாக்கினார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பி. சி. கபூர், கிராம அளவில் பயன்படக்கூடிய எளிய கூடை அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். அதில் கிடைத்த சாம்பலைச் சுண்ணாம்புடன் சேர்த்து அரைத்து 'ஆஷ்மோ' என்னும் பிணைப்புப் பொருள் தயாரிக்கப்பட்டது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், தொழிற்சாலைகளின் சுண்ணாம்புக் கசண்டையும் உமியையும் பிசைந்து காயவைத்துச் சுட்டு அரைக்கும் முறையைக் கண்டது.

முயற்சிகள் தளர்ந்த காரணம்

இவ்வாய்வுகள் நடைபெற்ற காலம் சிமெண்டுப் பற்றாக்குறைக் காலம். விலையும் வினியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. சிறு வீடு கட்டுவோரும் அனுமதிச் சீட்டிற்குக் காத்திருந்தனர். 1982 பிப்ரவரியில் கட்டுப்பாடு ஓரளவும், 1989 மார்ச்சில் முழுமையாகவும் நீக்கப்பட்டது. புதிய ஆலைகள் பெருகி, சிமெண்டு எங்கும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. பற்றாக்குறையை நம்பி நின்ற மாற்றுப் பொருள், பற்றாக்குறை நீங்கியதும் ஆதரவை இழந்தது.

இரண்டாவது காரணம், போட்டியாளர் மாறியது. இன்று சந்தையில் விற்பனையாகும் சிமெண்டில் பெரும்பகுதி ஏற்கெனவே நிலக்கரிச் சாம்பலோ இரும்பு உலைக் கசடோ கலந்ததாகும். எனவே உமிச் சாம்பல் போட்டியிடுவது கலப்பில்லாத சிமெண்டுடன் மட்டுமன்று; மலிவான சாம்பலின் ஆதாயத்தை ஏற்கெனவே பெற்றுவிட்ட பொசோலானா சிமெண்டுடனும் ஆகும்.

இதில் பணித்தளப் பொறியாளர்கள் கருத்திற் கொள்ளவேண்டிய எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. மேலே கூறிய 15 விழுக்காடு சாதாரண போர்ட்லண்டு சிமெண்டிற்கே பொருந்தும். ஏற்கெனவே 30 விழுக்காடு நிலக்கரிச் சாம்பல் கலந்த மூட்டையில் மேலும் உமிச் சாம்பலைச் சேர்த்தால், வினைபுரிவதற்குப் போதிய சுண்ணாம்பு எஞ்சியிராது. மூட்டையின்மேல் அச்சிடப்பட்டுள்ள சிமெண்டு வகையைப் பாராமல் கலப்பது கட்டடத்தின் வலிமையைப் பணயம் வைப்பதாகும்.

மூன்றாவது காரணம், உமிக்கே விலை ஏற்பட்டது. கொதிகலன்களும் செங்கல் சூளைகளும் உமியை எரிபொருளாக விலைக்கு வாங்குகின்றன. நல்ல சாம்பலையோ, உருக்கு ஆலைகள் உருகிய உலோகத்தின் வெப்பம் தணியாமல் காக்கும் போர்வையாக வாங்குகின்றன. கழிவு இலவசமாகக் கிடைக்கும் என்ற அடிப்படையில் தீட்டப்படும் திட்டம் நிலைப்பதில்லை.

பயன்பாட்டிற்கு உரிய இடங்கள்

இவற்றையெல்லாம் கருதினால், உமிச் சாம்பலுக்கு இரண்டு இடங்களில் வாய்ப்பு உண்டு எனலாம்.

ஒன்று, தரத்தின் உச்சியில். கட்டுப்பாட்டுடன் எரித்து நுண்ணிதாக அரைத்த சாம்பல், விலையுயர்ந்த சிலிக்கா நுண்தூளுக்கு நிகராகச் செயற்படக்கூடியது. கடற்கரைக் கட்டுமானங்களிலும் உப்பு மண்ணிலும் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் காக்கும் உறுதியான கான்கிரீட்டிற்கு அது ஏற்றது. இங்கு அது மலிவுக்காக வாங்கப்படுவதில்லை. கட்டடத்தின் ஆயுளுக்காக வாங்கப்படுகிறது.

மற்றொன்று, ஆலையின் அண்டையில். செங்கல் கட்டுச் சாந்து, சுவர்ப்பூச்சு, தளப் பாவுகல், கட்டுமானக் கற்கள் ஆகியவற்றிற்கு மிக உயர்ந்த வலிமை தேவையில்லை. சல்லடையில் சலித்து, பந்து ஆலையில் அரைத்து, சோதித்த சாம்பல் இவற்றிற்குப் போதுமானது. போக்குவரத்துச் செலவு சிறிதாகவும், சாம்பலை அகற்றும் செலவு ஆலைக்கு மிச்சமாகவும் இருப்பதால் இங்குக் கணக்கு ஒத்துவரும். நுண்ணிய சாம்பல் மிகுதியான நீரை ஈர்ப்பதால் கலவையில் நீரின் அளவைக் கண்காணிக்க வேண்டும். வலிமை மெதுவாகவே கூடுமாதலால் கட்டிய பின் நீர்விட்டு ஈரம் காப்பதையும் நீட்டிக்க வேண்டும். சாதாரண சிமெண்டிற்கு 7 நாள்கள் போதுமெனில், கனிமக் கலப்புள்ள கான்கிரீட்டிற்குக் குறைந்தது 10 நாள்களும், வெப்பமும் வறட்சியும் மிக்க காலத்தில் 14 நாள்களும் வேண்டும் என ஐ.எஸ். 456 வரையறுத்தது.

துணை நிற்கும் பிற பொருள்கள்

சர்க்கரை ஆலைகளில் எரிக்கப்படும் கரும்புச் சக்கையின் சாம்பலும் இவ்வகையில் அடங்கும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்ற ஆய்வுகள், எரியாத நார்களைச் சல்லடையில் நீக்கிவிட்டு அரைத்தாலே இச்சாம்பல் ஏற்புடைய பொசோலானா ஆகிறது எனக் காட்டின. மாறாக, நெல் வைக்கோலின் சாம்பலில் பொட்டாசியமும் குளோரைடும் மிகுதி. கம்பி இட்ட கான்கிரீட்டிற்கு அதனை அப்படியே பரிந்துரைக்க இயலாது. வேளாண் கழிவு என்ற ஒரே பெயரின்கீழ் எல்லாவற்றையும் சேர்ப்பது தவறு.

கனிமங்களில் அண்மைக் காலத்தில் கவனம் பெற்றுள்ளது சுட்ட களிமண். சுமார் 50 விழுக்காடு கிளிங்கர், 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல், 5 விழுக்காடு ஜிப்சம் கொண்ட சிமெண்டு வகையை சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் இணைந்து உருவாக்கினர். களிமண்ணைச் சுடுவதற்கு 700 முதல் 850 பாகை வரையிலான வெப்பமே போதும். இதற்கு ஐ.எஸ். 18189 என்னும் தர விதி 2023 இல் வெளியாயிற்று. 2070க்குள் நிகரக் கரிம வெளியீட்டை அறவே நீக்குவதாக இந்தியா 2021 இல் அறிவித்தது. நிலக்கரி மின்சாரம் படிப்படியாகக் குறையும் காலத்தில் அதன் சாம்பலும் குறையும். அப்போது பேரளவில் களிமண்ணும், வட்டார அளவில் வேளாண் சாம்பலும் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஐ.எஸ். 456 இன் 2000 ஆம் ஆண்டுப் பதிப்பு, தன்மையும் சீர்மையும் நிறுவப்பட்ட உமிச் சாம்பலை உரிய அதிகாரியின் ஒப்புதலுடன் பயன்படுத்த இடமளித்தது. ஒப்புதல் அளிக்கும் அதிகாரி, சோதனை முடிவு கையில் இல்லாமல் கையொப்பமிடத் தயங்குவது இயல்பே. எனவே, அரிசி ஆலைகள் மிகுந்த மாவட்டங்களில் உள்ள பொறியியற் கல்லூரிகளின் சோதனைக்கூடங்களைப் பயன்படுத்தி, ஒவ்வோர் ஆலையின் சாம்பலையும் குறித்த கால இடைவெளியில் சோதித்துத் தரம் பிரிக்கும் ஏற்பாடு தேவை.

இரண்டாவதாக, ஆலைகள் தனித்தனியே அரைவை இயந்திரம் வாங்குவதினும், பல ஆலைகள் கூட்டுறவாக ஓர் அரைவை மையத்தை நிறுவுவது சிக்கனமாகும். பல குவியல்களை ஒன்றுகலப்பதால் தரமும் ஓரளவு சீராகும். அங்குப் பணியாற்றுவோரைத் தூசியிலிருந்து காக்கும் ஏற்பாடு, தொடக்கச் செலவிலேயே சேர்க்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, உறுதியான கொள்முதல் வேண்டும். ஊராட்சிகளின் நடைபாதைகளுக்கும், குறைந்தது 25 சதுர மீட்டர் பரப்பில் கட்டப்படும் பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்ட வீடுகளின் சுவர் வேலைகளுக்கும் சோதிக்கப்பட்ட சாம்பற் கற்களை ஏற்பதென மாவட்ட அளவில் முடிவு செய்தால், முதல் சில ஆண்டுகளுக்கு நிலையான சந்தை கிடைக்கும்.

நிலக்கரிச் சாம்பலுக்குச் சட்டமும் தரமும் பெரும் அளவும் ஒருங்கே வாய்த்தன. உமிச் சாம்பலுக்குப் பெரும் அளவு ஒருபோதும் வாய்க்காது. தரமும் சந்தையும் மட்டுமே மனித முயற்சிக்கு உட்பட்டவை. ஆலைக்குப் பின்னால் கிடக்கும் சாம்பல் மேடு, சோதித்து அரைத்து மூட்டை கட்டும் ஏற்பாடு இல்லாதவரை கழிவே. அந்த ஏற்பாடு அமைந்தால், நெல் விளைவிக்கும் ஊரார் தம் முற்றத்தில் படியும் தூசியைத் தம் வீட்டுச் சுவரில் காண்பர்.